பழைய போம் மெத்தை, ஐஸ் பெட்டி, பைபர் வள்ளம்: விதி என்ன சொல்கிறது, யாரிடம் கேட்பது?

பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை என எந்தக் கரையிலும் மஞ்சள் பூத்த போம் துண்டுகளைப் பார்க்கலாம். மெத்தை, ஐஸ் பெட்டியின் உள்சுவர், பல பைபர் வள்ளங்களின் மிதவை அறை ஆகியவற்றில் இருப்பது பாலியூரித்தேன் போம். வெயிலில் பொடியாக உதிரும், கடலில் மிதக்கும். பக்கத்திலேயே மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள் இருக்கின்றன.

குடம், வாளியை உருக்கி வார்ப்பதுபோல் இதை வார்க்க முடியாது. சூட்டில் இளகாத இந்த வகைக்கு ‘தெர்மோசெட் பிளாஸ்டிக்’ என்று பெயர். பழைய இரும்புக் கடையில் இதற்கு விலை கிடைக்காததும் அதனால்தான். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தெர்மோசெட் கழிவை மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்படியே கையாள வேண்டும். சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிபொருளோடு சேர்த்து எரிப்பதை அந்த வழிகாட்டுதல் முன்வைக்கிறது. வள்ளத்தின் பைபர் உடலுக்கும் இதுவே பொருந்தும்.

பிளாஸ்டிக் கழிவைச் சேகரித்து, பிரித்து, அனுப்பும் பொறுப்பை அதே விதிகள் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவற்றிடம் ஒப்படைத்திருக்கின்றன. ஆகவே கேட்பது சலுகை அல்ல, உரிமை. ஊராட்சிக்காரர்கள் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ‘போம், பைபர் கழிவுக்குத் தனிச் சேமிப்பிடம்’ என்று தீர்மானம் கொண்டுவரலாம்.

பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இந்த விதிகளின் உற்பத்தியாளர் பொறுப்பு, பொருளைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறைகளுக்கானது. மெத்தையைச் சுற்றிய பாலித்தீனுக்கு நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும், மெத்தைக்குக் காட்ட வேண்டியதில்லை. இது மாற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சுவருக்குள் இதே போம் உள்ள பிரிட்ஜுக்கு அந்தக் குறை இல்லை. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், அதன் மறுசுழற்சியைத் தயாரித்தவர் கணக்கில் ஏற்றியுள்ளன. பிரிட்ஜை உடைத்துக் கம்ப்ரசரை மட்டும் விற்காமல் முழுதாகப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். அதன் பழைய போமில் ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு இருக்கலாம். அவற்றில் ஒன்றான எச்.சி.எப்.சி.-141பி-யை இந்தியா 2020 ஜனவரி 1-இல்தான் முழுமையாகக் கைவிட்டது.

சூளைக்குப் போகாமலும் போமுக்கு வழி உண்டு. துண்டாக்கிய போமை கிளைகால் என்ற ஆல்கஹால் வகைத் திரவத்துடன் சேர்த்து, வினையூக்கி இட்டு, சுமார் 200 டிகிரியில் சூடாக்கினால் அதன் பிணைப்புகள் அறுந்து, போம் தயாரிக்கும் மூலப்பொருளான பாலியால் திரும்பக் கிடைக்கும். கிளைகாலிசிஸ் எனப்படும் இதற்கு வகை பிரித்த, சுத்தமான, உலர்ந்த போம் வேண்டும். ஈரமும் உப்பும் மணலும் வினையைக் கெடுக்கும். நம் கரையில் ஒதுங்கியது இதற்கு அநேகமாக உதவாது. கடலுக்குப் போகுமுன் பிடித்தால்தான் பயன்.

எரிக்கவே கூடாது. போம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். இரண்டும் உயிரைப் பறிப்பவை. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. எரிப்பவர்களைப் பார்த்தால் உள்ளாட்சி அலுவலகத்திலோ மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலோ எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.