பழைய கேட்கானைக் கெடுத்தது எது என்று பார்த்தீர்களா?

எமிஷன் டெஸ்டில் கார் தேறவில்லை. “கேட்கான் போயிடுச்சு, புதுசு போடணும்” என்கிறார் மெக்கானிக். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் கேட்கான் என்கிறார்கள். 15 வருடம் முடிந்து மறுபதிவுக்குக் காத்திருக்கும் காராக இருந்தால் அவசரம் இன்னும் கூடிவிடும். நேராகப் பெங்களூரு ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளுக்குப் போய், இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கி மாட்டிவிடுகிறோம். அந்தப் பணம் வீணாகாமல் இருக்க, வாங்கப் போகும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. பீங்கானில் ஒரு தேன்கூடு, சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 துளை, துளைச் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கலந்த மெல்லிய பூச்சு. அவ்வளவுதான். வயதாக ஆக அதன் வலு மெல்லக் குறையும் என்பது உண்மை. ஆனால் திடீரென்று போய்விட்டது என்றால் பெரும்பாலும் இன்ஜின்தான் காரணம்.

முதல் குற்றவாளி மிஸ்ஸிங். ஒரு பிளக்கோ காயிலோ சரியாக வேலை செய்யாவிட்டால், அந்த சிலிண்டரின் பெட்ரோல் எரியாமல் வெளியேறி கேட்கானுக்குள் போய் எரியும். சூடு ஏறிப் பீங்கானே உருகிவிடும். எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் பல கடைகளில் இருக்கிறது. கேட்கான் உள்ள வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். அடுத்தது ஆயில் குடிக்கும் இன்ஜின். ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் பூச்சின்மேல் படிந்து மூடிவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் ரிங், வால்வு சீல் வேலையை முடிக்காமல் புதுக் கேட்கான் போடுவது வீண் செலவு. ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் கசிந்தாலும் இதே கதிதான். மழை நாளில் சூடான வண்டியை சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறக்கினால் பீங்கானில் விரிசல் விழும். ஸ்பீட் பிரேக்கரில் அடி இடித்தாலும் உடையும்.

எமிஷன் சீட்டை ஊன்றிப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், அதாவது அரசு வகுத்த புகைக் கட்டுப்பாட்டு நிலை. பிஎஸ் 2, பிஎஸ் 3 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரை அனுமதி. பிஎஸ் 4 கார் என்றால் 0.3, 200. மோனாக்சைடு 2, 3 சதவீதம் என்று எகிறினால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள். முதலில் ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர், டெம்பரேச்சர் சென்சார் பக்கம் பாருங்கள். மோனாக்சைடு சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறினால் மிஸ்ஸிங். காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலக்கிறதா என்று காட்டும் லாம்டா 1-ஐ ஒட்டியிருந்து, மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தாண்டினால்தான் கேட்கான்மேல் சந்தேகப்படலாம். அதுவும் கால் மணி நேரமாவது ஓட்டிவிட்டு எடுத்த டெஸ்டாக இருக்க வேண்டும். சுமார் 250, 300 டிகிரி சூடு ஏறாமல் அது வேலையே செய்யாது.

பிக்கப் இல்லை, மேட்டில் திணறுகிறது என்றால் அடைப்பு இருக்கலாம். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஐடிலிங்கில் ஒன்றேகால் பிஎஸ்ஐக்குள்ளும், 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருக்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் வைத்தும் பார்க்கலாம். 2500-ல் பிடித்து நிறுத்தும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அடைப்புதான். இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள்: ஐடிலிங்கில் வேக்குவம் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) என்று கையேடுகள் சொல்வது கடல் மட்டத்துக்கு. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் நல்ல இன்ஜினே 14 முதல் 18 வரைதான் காட்டும். இது தெரியாமல் நல்ல இன்ஜினைக் குறை சொல்லிவிடக் கூடாது.

ஸ்கேனரில் பி0420 (கேட்கானின் திறன் குறைவு என்று சொல்லும் குறியீடு) வந்தால் கேட்கான்மேல் சந்தேகம் நியாயமே. ஆனால் கேட்கானின் திறனைக் கண்காணிக்கும் ஓபிடி 2 என்ற வண்டியின் சுயபரிசோதனை முறை இந்தியாவில் 2013 ஏப்ரலில்தான் கட்டாயமானது. 2008 மாடலில் அந்தக் குறியீடு வரவில்லை என்பதற்காகக் கேட்கான் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட முடியாது.

இனி வாங்குவது. வண்டி எந்த பிஎஸ் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெங்களூருவில் பிஎஸ் 3 வந்தது 2005-ல்; நாடு முழுவதும் வந்தது 2010-ல். அதனால் ஓசூர், சேலம் பக்கம் பதிவான 2008 கார் பிஎஸ் 2 ஆகவும் இருக்கலாம், அதே ஆண்டு இங்கே பதிவான அதே மாடல் பிஎஸ் 3. மாடல் பெயரும் வருடமும் மட்டும் சொல்லிக் கேட்டால் தவறானதைக் கொடுத்துவிடுவார்கள். சேசிஸ் நம்பர் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். கம்பெனி ஒரிஜினல் இன்னும் கிடைக்கிறது, காரை இன்னும் நான்கைந்து வருடம் ஓட்டுவீர்கள் என்றால், விலை அதிகமானாலும் அதையே போடுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. வெளித் தயாரிப்புகளில் விலை குறைவது பெரும்பாலும் உலோகப் பூச்சின் அளவில்தான். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எந்த பிஎஸ், எத்தனை சிசி இன்ஜினுக்கு என்பது எழுதியிருக்க வேண்டும், ஜிஎஸ்டி பில்லும் எழுத்தில் வாரண்டியும் வேண்டும். 800 சிசி வண்டியின் கேட்கானை 1300 சிசியில் மாட்டினால் புகை முழுதாகச் சுத்தமாகாது, இன்ஜினும் மூச்சுத் திணறும்.

கடையிலேயே ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். நேர்த்தியான சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிய வேண்டும். ஓட்டைக் குழாயும் பஞ்சும் தெரிந்தால் அது வெறும் சைலன்சர் டப்பா. காதருகே வைத்து ஆட்டுங்கள், கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே உடைந்திருக்கிறது. சென்சார் துளைகள் எத்தனை, எந்த இடத்தில், ஃபிளேஞ்ச் போல்ட் இடைவெளி, குழாயின் விட்டம், மொத்த நீளம் எல்லாவற்றையும் கழற்றிய பழையதோடு வைத்து ஒப்பிடுங்கள். சிவாஜிநகரில் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் கேட்கான் எந்த இன்ஜினில் எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது, வேண்டாம்.

உள்ளே இருக்கும் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டுக் காலியாக மாட்டுவதையும், பின் சென்சாருக்கு ஸ்பேசர் வைத்து இன்ஜின் எச்சரிக்கை லைட்டை அணைப்பதையும் சிலர் யோசனையாகச் சொல்வார்கள். அந்த விஷப்புகையைச் சுவாசிப்பது சிக்னலில் உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கும் குழந்தை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மாட்டும்போது கேஸ்கெட்டும் போல்ட்டும் புதிது போடுங்கள். முன் சென்சாருக்கு முன்னால் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்ட, புதுக் கேட்கானும் சூட்டில் கெடும். சென்சாரின் மரையில் மட்டும், அது இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, ஆன்டி சீஸ் பசை தடவுங்கள், முனையில் படக் கூடாது. சாதாரண சிலிக்கான் பசை அந்தப் பக்கமே வரக் கூடாது. அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். முதல் ஓட்டத்தில் லேசான கருகல் வாசனை வரும், பயப்பட வேண்டாம்.

கழற்றிய பழைய கேட்கானைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உருகியிருந்தாலும் அதில் பிளாட்டினமும் பல்லேடியமும் இருக்கின்றன, வாங்குபவர்களும் இருக்கிறார்கள். வேலை தொடங்கும் முன்பே அதற்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழிக்க மனமில்லை என்றால் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.