சொல் விளக்கம்: வேரூக்கி

வெட்டிய குச்சியை நடும் முன் அதன் அடியில் தொட்டு வேர்விட வைக்கும் பொடி இது. கடையில் கேட்டு வாங்கும் பெயர் ரூட்டிங் ஹார்மோன், ரூட் பவுடர். தமிழில் எழுதுகிறவர்கள் வேர் வளர்ச்சி ஊக்கி, வேர்விடு ஊக்கி, வேர் இயக்குநீர் என்கிறார்கள். வேர் உரம், வேர் நொதி என்றும் ஆங்காங்கே கண்ணில் படுகிறது. கடைசி இரண்டும் பிழை. உரம் என்றால் சத்து. இந்தப் பொடியில் செடி தின்பதற்கு ஒன்றும் கிடையாது. நொதி என்பது என்சைம், அது வேறு சங்கதி. இயக்குநீர், சுரப்புநீர் இரண்டும் மனித உடலுக்குப் பொருந்தும். செடிக்குச் சுரப்பியும் இல்லை, டப்பாவில் இருப்பது நீரும் இல்லை.

ஹார்மோன் என்ற சொல்லை 1905-இல் லண்டனில் ஒரு சொற்பொழிவில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர். கிளப்பிவிடு, உந்து என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து எடுத்தார். தமிழில் அதற்கு நேரான வினை நெடுங்காலமாகவே இருக்கிறது: ஊக்கு. கலித்தொகையில் ஊசலில் அமர்ந்த பெண், தன்னைச் சற்று ‘ஊக்கி’விடச் சொல்கிறாள். ஊஞ்சலை ஆட்டிவிடுவதுதான் ஊக்குதல். ஆட்டிவிடுகிறவர் கயிறும் தருவதில்லை, பலகையும் தருவதில்லை. தொடக்கத்தில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். வேகமாகத் தள்ளினால் ஆள் விழுவார். இந்தப் பொடியின் வேலையும் ஏறக்குறைய இதுவே என்பதால் வேர்+ஊக்கி, வேரூக்கி என்பதே நல்ல சொல். டப்பா மேல் எழுதவும் சுருக்கமாக இருக்கிறது.

டப்பாவுக்குள் பெரும்பாலும் இருப்பது இண்டோல் பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாக ஐபிஏ. ஆக்சின் என்ற தாவர ஹார்மோன் வகையைச் சேர்ந்தது. ஆக்சினும் கிரேக்கம்தான், பெருகு என்று பொருள். ‘இண்டோல்’ என்ற பெயரில் நம் ஊர்ப் பயிர் ஒன்று ஒளிந்திருக்கிறது. இண்டிகோ, ஓலியம் என்ற இரண்டு சொற்களை ஒட்டி அந்தப் பெயர் வைத்தார்கள். இண்டிகோ என்பது அவுரியிலிருந்து எடுக்கும் நீலம். அந்தச் சொல்லே ‘இந்தியச் சரக்கு’ என்ற பொருளில் வந்தது. அவுரி நீலம் தோய்த்த துணிதான் ஒரு காலத்தில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. ‘பியூட்டிரிக்’ என்பது லத்தீனில் வெண்ணெயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; கெட்டுப்போன வெண்ணெயின் வாடைக்குக் காரணம் பியூட்டிரிக் அமிலம். அதற்காக ஐபிஏவை ‘அவுரி வெண்ணெய்ப் புளிமம்’ என்று பெயர்த்தால் கடைக்காரர் திருதிருவென்று விழிப்பார். வேதிப்பெயரை அப்படியே விடுவதும், அது செய்யும் வேலைக்குத் தமிழ்ப்பெயர் வைப்பதும் சரியான பங்கீடு.

நடுகிற துண்டுக்கும் ‘கட்டிங்’ தேவையில்லை. முருங்கை, பூவரசு, கிளுவையில் அது போத்து. கரும்பில் கரணை. தாய்ச்செடியிலிருந்து அறுக்காமலே வேர்விட வைத்தால் பதியன். ரோஜா, காகிதப்பூ, மல்லிக்குக் குச்சி என்றாலே போதும்.

கரணைக்கு வேரூக்கி வேண்டாம். நெல்லிக்குப்பம் பக்கத்தில் எந்தக் கரும்பை வேண்டுமானாலும் ஒடித்துக் கணுவை உற்றுப் பாருங்கள். பருவை ஒட்டி, தண்டைச் சுற்றிலும் வெளிறிய சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் உறங்கிக் கிடக்கும் வேர்முளை. ஈரம் பட்டால் தானே கிளம்பும். கை கனமுள்ள முருங்கைப் போத்திலும் சேமிப்பு ஏராளம், அதற்கும் பொடி வீண்செலவு. முளை இல்லாமல், வெட்டிய பிறகு புதிதாக உண்டாக்க வேண்டிய இடத்தில்தான் வேரூக்கிக்கு வேலை. கடற்கரைச் சவுக்குத் தோப்புகளுக்கு ஒரே ரகக் கன்றாக வேண்டுமென்றால் விதை பயன்படாது. விரல் நீளக் கொழுந்துக் குச்சிகளை ஐபிஏவில் தொட்டு, மிஸ்ட் சேம்பரில், அதாவது மூடுபனி போல நீர் தூவும் கூடத்தில், வேர்விட வைப்பார்கள்.

அளவுதான் பலருக்கும் குழப்பம். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1 லிட்டரில் 1 கிராம் என்றால் 1000 பிபிஎம், அதாவது 0.1%. பொடியானால் 1 கிலோ டால்க்கில் 1 கிராம். இளங்குச்சிக்கு 500 முதல் 1500, அரைமுற்றலுக்கு 1000 முதல் 3000, முற்றிய கட்டைக்கு 3000 முதல் 8000 வரை என்பது பொதுக் கணக்கு. புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களில் படரும் காகிதப்பூவுக்குப் பென்சில் கனத்தில் முற்றிய குச்சியும் 3000 பிபிஎம் பொடியும் சரியாக இருக்கும்.

கரைசலாகச் செய்வதானால் ஐபிஏ தண்ணீரில் கரையாது என்பதை மறக்கக் கூடாது. 100 மில்லிகிராமை 50 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் முழுதாகக் கரைத்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி 100 மில்லியாக்கினால் 1000 பிபிஎம். தண்ணீரில் முதலில் கொட்டினால் வெள்ளையாகத் திரண்டு அடியில் தங்கும். பிறகு தொட்டதெல்லாம் வெறுந்தண்ணீர். புதுச்சேரியில் பிராந்திக்குப் பஞ்சமில்லைதான், ஆனாலும் அதை இதில் ஊற்ற வேண்டாம்.

குச்சியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். மூன்று நான்கு கணு போதும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டை விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கலாம். கரைசல் என்றால் அடியிலிருந்து 2 செ.மீ. வரை ஐந்து விநாடி முக்கி எடுத்து உலரவிட வேண்டும். பொடி என்றால் தேவையானதைத் தனியே கொட்டிக்கொண்டு தொட வேண்டும். ஈரக் குச்சியை டப்பாவுக்குள்ளேயே விட்டால் மிச்சப் பொடி வீணாகும். ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டு, ஊடகத்தில், அதாவது நடும் மணல் கலவையில், வேறு குச்சியால் குழி போட்டுவிட்டுத்தான் நட வேண்டும். அப்படியே குத்தினால் பொடி முழுதும் மேல்மண்ணில் வழித்துக்கொண்டுவிடும்.

பொடி கூடினால் என்ன ஆகும்? அடி கறுத்து மெத்தென்று போகும், அல்லது வெள்ளைக் கட்டி பருத்து வேர் வராமல் நிற்கும். மேலே மொட்டும் அடங்கிப்போகும், ஏனென்றால் ஆக்சின் பக்கமொட்டை ஒடுக்கும் குணமுடையது. களைக்கொல்லியான 2,4-டி இதே ஆக்சின் குடும்பம் என்று சொன்னால் அளவின் அருமை புரியும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை நாற்றங்கால் பக்கமே கொண்டுவரக் கூடாது.

நன்றாகத் தொட்டு நட்டும் வேர் வராவிட்டால் பொடியை விட ஊடகத்தைச் சந்தேகிப்பது நல்லது. தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் கை நிறையக் கிடைக்கிறது என்று கடல் மணலை அள்ளிவரக் கூடாது. உப்பு குச்சியிலிருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஆற்று மணலும் தென்னைநார்க் கழிவும் பாதிப் பாதி போதும். கழிவையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும், அதிலும் உப்புண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் இலை வாடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடி அழுகும். நாற்றுக்குக் கூரை போட வசதியில்லாதவர்கள் ஆடி, ஆவணியில் தொடங்கலாம்.

தளிர் விட்டதைப் பார்த்து ஏமாறுவதும் வழக்கம். காகிதப்பூக் குச்சி தன் சேமிப்பை வைத்தே முதலில் இலை விடும், வேர் வராவிட்டால் மூன்றாம் வாரம் அது கருகும். லேசாக இழுத்துப் பார்த்தால் பிடிப்பு தெரிய வேண்டும்; பிடுங்கிப் பார்த்தால் வந்த வேரும் அறும்.

இதற்கு மாற்றாக இளநீரைச் சொல்கிறார்கள். இளநீரில் சைட்டோகைனின் என்ற வேறொரு வகைத் தாவர ஹார்மோன் உண்டு. அது தளிரை ஊக்குவது, வேரை மட்டுப்படுத்துவது. வேரூக்கி என்று அதை அழைக்க முடியாது. விதையிலிருந்து வந்த நாற்றுக்கும் இந்தப் பொடியைத் தூவுகிறவர்கள் உண்டு. முளைத்த நாற்றுக்கு வேர் ஏற்கெனவே இருக்கிறது; ஓடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலை ஓங்கித் தள்ளுவது போலத்தான் அது.