பொதி வடிகட்டியா, பொட்டலச் சல்லடையா?

வலையமைப்பின் எல்லையில் நிற்கும் திசைவியை, அதாவது ரவுட்டரை, எவ்வாறு பாதுகாப்பாக அமைப்பது என்று தமிழில் எழுதப்படும் பாடக்குறிப்புகளில், வந்துபோகும் தகவல் துண்டுகளில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் ‘பேக்கெட் ஃபில்டர்’ என்பதற்குப் ‘பொதி வடிகட்டி’ என்னும் பெயர் கேள்வியின்றி நிலைபெற்று வருகிறது. இச்சொல் இரண்டு பாதியிலும் பிழையானது. முன்பாதியின் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்பாதியோ கருவியைப் பற்றியே தவறான எண்ணத்தை விதைக்கிறது.

‘ஃபில்டர்’ என்பது, நீர்மங்களை வடிக்க உதவிய கம்பளித் துணியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘பேக்கெட்’ என்றால் சிறுகட்டு. தகவலைத் துண்டுகளாக்கி அனுப்பும் முறையை 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிசும் தனித்தனியே வகுத்தனர். டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டேவிஸ், பிற மொழிகளுக்கும் எளிதில் பெயர்க்கத்தக்க சொல் எது என்று மொழியறிஞர் ஒருவரிடம் கேட்டறிந்த பின்னரே ‘பேக்கெட்’ என்பதைத் தேர்ந்துகொண்டார். மொழிபெயர்ப்பாளருக்காக அவர் பட்ட அந்தக் கவலையில் பாதியைக்கூட மொழிபெயர்ப்பாளர்கள் படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பொதி என்பது மாடோ கழுதையோ சுமக்கும் பாரம். கம்பிவழி வலையமைப்பு முறையான ஈதர்நெட்டில் வழக்கமாக 1500 பைட்டுக்குள் அடங்கிவிடும் ஒரு துண்டுக்கு அப்பெயர் மிகை. அதுவுமன்றி, லினக்ஸ் தமிழாக்கத்தில் நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்புக்குப் ‘பொதி’ என்ற சொல் முன்பே வழங்குகிறது. ஒரே துறையில் ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு ஆள்வது குழப்பத்தை வரவழைப்பதாகும். மளிகைக் கடையில் கட்டித் தரும் பொட்டலம் சிறியது, மூடியது, மேலே எழுத இடமுள்ளது. பொட்டலம் என்றே சொல்லலாம். அது கடைத்தெருச் சொல் என்று முகம் சுளிப்பவர்கள், ‘பேக்கெட்’ என்பதும் ஆங்கிலத்தின் கடைத்தெருச் சொல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வடிகட்டிக்கு வருவோம். வடிகட்டுதல் நீர்மத்துக்கு உரிய வினை. கசடு மேலே தங்க, கீழே இறங்குவது தெளிவானது என்ற உறுதியை அச்சொல் தன்னுள்ளே கொண்டிருக்கிறது. ‘வடிகட்டிய முட்டாள்’ என்று ஏசும்போதுகூடக் கலப்பற்ற முட்டாள் என்றுதானே பொருள் கொள்கிறோம்? ஆனால் எல்லைத் திசைவியில் எழுதப்படும் விதிகள் எதையும் தூய்மைப்படுத்துவதில்லை. அவை பொட்டலத்தின் தலைப்பகுதியில் உள்ள அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, நெறிமுறை, எந்தச் சேவைக்கு உரியது என்று காட்டும் போர்ட் எண் போன்றவற்றை மட்டும் பார்த்து, விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்கின்றன. உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இணையப் பக்கங்களுக்கு உரிய போர்ட் 443 திறந்திருந்தால் அதன் வழியே நல்ல பக்கமும் வரும், தீநிரலும் வரும். ‘எங்களிடம் வடிகட்டி இருக்கிறது’ என்று நிம்மதியாக இருக்கும் நிர்வாகியின் நிம்மதிக்கு அச்சொல்லும் ஒரு காரணம்.

மாற்றாக முன்வைக்கப்படும் ‘பொட்டலக் காவல்’ கேட்க இனிமையாக இருந்தாலும், பயிர்க்காவல் பயிரைக் காப்பது போல இது பொட்டலத்தைக் காப்பது என்று பொருள்பட்டுத் தலைகீழாகிவிடுகிறது. ‘பொட்டலத் தடுப்பி’ பாதி வேலையை மட்டும் சொல்கிறது. ‘பொட்டலச் சோதனை’ என்றாலோ, உள்ளடக்கத்தையும் ஆராயும் வேறொரு நுட்பத்தோடு கலந்துவிடும்.

எனவே ‘பொட்டலச் சல்லடை’ என்பதே என் தேர்வு. சலிப்பது உலர்ந்த, தனித்தனியான பொருளை. இறங்கும் மணி மாறாமல் அப்படியே இறங்குகிறது. சல்லடை முழுக்க ஓட்டைதானே, அது பாதுகாப்புக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அந்த ஓட்டைதான் பொருத்தமே. மூடிய தட்டில் வேண்டிய இடத்தில் மட்டும் கண் திறப்பதே இத்தொழிலின் முதல் பாடம். சிஸ்கோ நிறுவனத் திசைவியில் இவ்விதிகளை எழுதும் அணுகல் பட்டியலில் விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகின்றன; முதலில் பொருந்தும் விதியே செல்லும்; எதற்கும் பொருந்தாததை மறுக்கும் ஒரு வரி, எழுதப்படாமலே கடைசியில் இருக்கிறது. பரந்த அனுமதி ஒன்றை மேலே எழுதிவிட்டு அதற்குள் அடங்கும் குறுகிய மறுப்பைக் கீழே எழுதினால், அம்மறுப்பு ஒருநாளும் வேலை செய்யாது.

வெளிப்பக்கத்திலிருந்து வரும் பொட்டலம் 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய, உள்வலையமைப்புக்குள் மட்டும் புழங்க ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதிகளையோ நம்முடைய முகவரியையோ அனுப்புநர் முகவரியாகக் காட்டினால் அது பொய், நுழையவிடக் கூடாது. நம் பக்கத்திலிருந்து வெளியேறுவது நம் முகவரியைத்தான் தாங்கியிருக்க வேண்டும். 2000இல் வெளியான ஆர்எஃப்சி 2827 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம், இணைய இணைப்பு தருவோர் தம் வாடிக்கையாளரிடமிருந்து வரும் பொட்டலங்களை இவ்வாறு சலிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அளவைக் கொண்டு பிரிக்கும் சல்லடைக்கும் முகவரியைக் கொண்டு பிரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. தூய்மை என்ற பொய்யுறுதியைத் தராத வரையில் அது சிறு குறை.

பெயரைவிடக் கட்டளைச் சொற்களில் இன்னும் பெரிய அலட்சியம் நடக்கிறது. லினக்ஸில் இச்சல்லடையின் விதிகளை எழுத உதவும் ஐபிடேபிள்ஸ் என்னும் கருவியில் ‘டிராப்’ என்றால் பொட்டலத்தைப் பேச்சின்றி அழித்துவிடுவது. ‘ரிஜெக்ட்’ என்றால் அனுப்பியவருக்கு மறுப்பைத் தெரிவித்துவிட்டு அழிப்பது. இரண்டுக்கும் ‘நிராகரி’ என்றே எழுதினால், இணைப்பு ஏன் உடனே மறுக்கப்படாமல் நெடுநேரம் தொங்குகிறது என்பதைப் படிப்பவர் எவ்வாறு அறிவார்? இதைத் திருத்தப் போய் ‘டிராப்’ என்பதை ‘விட்டுவிடு’ என்று பெயர்ப்பது இன்னும் மோசம், ஏனெனில் தமிழில் ‘விடு’ என்றால் ‘அனுமதி’ என்றும் பொருள். ‘டிராப்’ என்பதைக் ‘கைவிடு’ என்றும் ‘ரிஜெக்ட்’ என்பதை ‘மறுத்தனுப்பு’ என்றும் எழுதலாம்.