குடிமைச் சமூகம்

கடலூர்ப் பக்கம் சொசைட்டி என்றால் பால் ஊற்றும் இடம், இல்லாவிட்டால் கடன் வாங்கும் கூட்டுறவுச் சங்கம். அங்கிருந்து புதுச்சேரியின் காலாப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அரசியல் முதுகலை படிக்க வருகிறவர்கள் 'சிவில் சொசைட்டி'யைப் பார்த்ததும் கொஞ்சம் முழிக்கத்தான் செய்வார்கள்.

அரசாங்கம், லாபத்துக்கு நடக்கும் தொழில், குடும்பம் ஆகியவற்றுக்கு வெளியே மக்கள் தாமாகக் கூடி இயங்கும் களம் என்பது இன்றைய பொருள். தொழிற்சங்கம், வாசகர் வட்டம், நுகர்வோர் அமைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அது. என்.ஜி.ஓ.க்களோடு நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம்.

வேர் லத்தீன். 'கிவிஸ்' என்றால் குடிமகன் (புதுச்சேரியில் இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டு, அதை விடுங்கள்). பழைய ரோமின் சிந்தனையாளர் சிசரோவின் காலத்தில் சிவில் சமூகம் என்றாலே அரசும் அதற்குள் அடக்கம். இரண்டையும் அழுத்தமாகப் பிரித்தவர் ஜெர்மன் தத்துவவாதி ஹெகல், 1821-இல். ஆனால் சந்தையைச் சிவில் சமூகத்துக்கு உள்ளேயே விட்டுவைத்தார். போலந்தில் 1980-இல் எழுந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கம் 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியையே மாற்றியது. அப்புறம் ஜனநாயகமயமாதல் பற்றிய எந்தப் பேச்சும் இந்தச் சொல் இல்லாமல் நகரவில்லை.

தமிழில் சிவில் சமூகம், குடிசார் சமூகம், குடிமைச் சமூகம் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். சிவில் வழக்கு, சிவில் இன்ஜினியர், சிவில் சப்ளை என்று ஏற்கெனவே சுமக்கும் சொல்லுக்கு இன்னொரு பாரம் எதற்கு? என் ஓட்டு குடிமைக்கு. 1917-இல் ரஷ்யாவின் ஜார் மன்னன் வீழ்ந்ததைப் புதுச்சேரியிலிருந்து பாடிய பாரதி 'குடிமை நீதி' என்று எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட இந்தப் பொருள்தான். ஒரு சிக்கல் உண்டு. திருக்குறளின் 96-ஆம் அதிகாரத்துக்கும் குடிமை என்றே பெயர், அங்கே அது நற்குடிப் பிறப்பு. நமக்கு வேண்டியதோ, பிறப்பைப் பார்க்காமல் சேரும் கூட்டம்.

இந்த இழுபறியைக் கடற்கரைக் குப்பங்களில் நேராகவே பார்க்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் பல ஊர்களில் மீனவப் பஞ்சாயத்து வழியாகத்தான் வீடுகளுக்குப் போனது. அரசு அமைக்காத, லாபம் பார்க்காத அமைப்பு. சரி, ஆனால் அதில் உறுப்பினராக அந்தக் குப்பத்துக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். கூட்டத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. வரையறையைக் கறாராகப் பிடிப்பவர்கள் இதை வெளியே தள்ளுவார்கள். நான் தள்ள மாட்டேன்: ஊரே அதிகாரிகளிடம் பேசுவது அதன் வழியாகத்தான். மீன் விற்கும் பெண்கள் அதே கரையில் சங்கம் வைத்தால் எந்த வரையறைக்காரரும் வாய் திறக்கப்போவதில்லை.