ஏற்றத்தில் தாங்கிய கார், நின்ற பிறகு ஏன் கொதித்தது?

ஆறு கார்களில் நண்பர்கள் மலைப்பாதை ஏறினோம். நான்காவதாக வந்தது நண்பனின் டர்போ ஸ்போர்ட்ஸ் கார், ஏற்றம் முழுக்க ஒரு சிணுங்கல்கூட இல்லை. உச்சிக்கு வந்ததும் எல்லாரும் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போய்விட்டோம். பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால் அந்தக் காரிலிருந்து ஆவி, தரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் கூலன்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். "இவ்வளவு நேரம் நல்லாத்தானே ஓடுச்சு, சும்மா நின்னதுக்கா இப்படி?" என்று கேட்டான். நின்றதற்குத்தான்!

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சூடாக வெளியே போகிறது, மிச்சத்தில் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். ரேடியேட்டர் மீது மோதும் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும், அதாவது வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகிவிடும். மலை ஏறும்போது இஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது, வேகமோ குறைவு. போதாததற்கு முன்னால் போகும் காரை ஒட்டியே போனால் வருகிற கொஞ்சக் காற்றும் அதன் சூட்டைச் சுமந்துகொண்டுதான் வரும். அப்படியும் அந்தக் கார் தாங்கியது என்றால், வாட்டர் பம்ப் விடாமல் கூலன்டைச் சுற்ற வைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

சரி, இஞ்சினை அணைத்ததும் என்ன நடக்கிறது? பெல்ட்டில் ஓடும் பம்ப் அந்த நொடியே நின்றுவிடும். ஆனால் புகையின் விசையில் சுழன்று இஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ, கடுமையாக உழைத்த அதைக் கடந்து போன புகை 900 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கும், அந்த இரும்பு உடனே ஆறிவிடாது. உலோகத்தில் தேங்கிய சூடு முழுக்க, அசையாமல் நிற்கும் கூலன்டுக்குள் இறங்குகிறது. அதனால் ஓடும்போது இருந்ததைவிட அணைத்த சில நிமிடங்களில்தான் கூலன்டின் வெப்பம் மேலே போகும், அழுத்தமும் அதோடு ஏறும். சில கார்களில் இதற்காகவே அணைத்த பிறகும் ஓடுகிற தனி மின்பம்ப் வைக்கிறார்கள்.

அழுத்தம் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது, கூலன்டைக் கொதிக்க விடாமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் திறந்த வெளியில் ஏறக்குறைய 107 டிகிரியிலேயே கொதித்துவிடும், ரேடியேட்டர் மூடி ஒரு பார் அளவு (ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கிட்டத்தட்ட 129 வரை தாங்கும். நண்பனின் காரில் ஹோஸ் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கழுத்து பல வருடச் சூட்டில் நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்தது. அழுத்தம் உச்சத்துக்குப் போன நேரம் அது விரிசல் விட்டது. அழுத்தம் இறங்கியதும், அதுவரை 115 டிகிரியிலும் திரவமாக நிற்கக்கூடிய கூலன்டுக்கு வேறு வழியில்லை, கொதித்துத்தான் ஆக வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே என்று சொல்வதும் இதனால்தான். திறந்த நொடியில் உள்ளே இருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும். தயவுசெய்து திறக்காதீர்கள், ஹோஸைத் தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறட்டும்.

இந்த நிலையில் மறுபடி ஸ்டார்ட் செய்து ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. கூலன்ட் போன இடத்தில் ஆவி நின்றால் அது சூட்டைச் சரியாக வாங்காது, இஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் ஒரு பக்கம் அதிகம் விரிந்து கோணிக்கொள்ளும், அதற்கடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய்விடும். வெப்பத்தை அளக்கும் சென்சார் வெறும் ஆவியில் நிற்பதால் டேஷ்போர்டில் உள்ள வெப்ப முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டவும் வாய்ப்பு உண்டு, அதை நம்பி ஓட்டி இஞ்சினையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆவி எதுவும் வராமல், முள் மட்டும் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், அதற்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். உச்சிக்கு முந்தைய கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, நின்ற பிறகும் ஓரிரு நிமிடம் இஞ்சினை அணைக்காமல் ஐடிலில் விட்டால் டர்போவின் சூட்டைக் கூலன்டும் ஆயிலும் வாங்கிப் போய்விடும்.

நண்பன் மறுபடி ஸ்டார்ட் செய்யவில்லை, காரை டிரக்கில் ஏற்றித்தான் இறக்கினோம். ஹெட் தப்பித்தது. கழுத்தை மாற்றுவது சின்ன வேலை, நேரம் பிடித்தது அதற்கு அப்புறம்தான். இஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருப்பதால் குழாய்கள் காரின் பாதி நீளத்துக்கு ஓடுகின்றன, அவற்றில் ஒரு காற்றுக்குமிழ் சிக்கினாலும் கூலன்ட் சரியாகச் சுற்றாது. மெக்கானிக் முதலில் உள்ளே இருந்த காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடமே கூலன்டை இழுத்துக்கொள்ளும்படி நிரப்பினார்.