தான் எழுப்பிய அலையில் தானே மாட்டிக்கொள்ளும் படகு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகள் வீட்டுக்கு ஆம்ஸ்டர்டாம் போய்விட்டு வந்திருக்கிறார். அவர் கேள்வியை அப்படியே தருகிறேன்:

"ஒரு மத்தியானம் படகு வாடகைக்கு எடுத்தோம். படகோட்டி கிடையாது, நாமேதான் ஓட்டிக்கொள்ள வேண்டும். லைசென்ஸ்கூடக் கேட்கவில்லை. எட்டுப் பேர் உட்காரும் பேட்டரிப் படகு. கைப்பிடியைப் பாதி திருகும்வரை வேகம் நன்றாக ஏறியது. அதற்கு மேல் முழுசாகத் திருகினாலும் பின்னால் தண்ணீர்தான் கொந்தளித்ததே தவிர வேகம் அவ்வளவாக ஏறவில்லை. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது மாதிரிகூட இருந்தது. கம்பெனிக்காரன் வேகத்துக்குப் பூட்டு போட்டிருப்பான் என்கிறார் மருமகன். அவ்வளவுதானா?"

மருமகன் சொன்னது பாதி சரி. நெதர்லாந்தில் 15 மீட்டருக்குக் குறைந்த நீளமும் மணிக்கு 20 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் உள்ள படகை ஓட்ட உரிமம் தேவையில்லை. அதனால்தான் புடவைக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்ட ஒரு கடலூர் அம்மாவின் கையிலும் சாவியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் பெரும்பாலான வாய்க்கால்களில் வேக வரம்பு மணிக்கு 6 கி.மீ. வேகமாக நடப்பவர் கரையிலேயே கூட வந்துவிடலாம். வாடகைப் படகுகளில் மோட்டாரை அதற்கேற்ப அடக்கி வைப்பதும் உண்டுதான். அந்த ஊர்க் கரைச்சுவர்கள் தண்ணீருக்கடியில் மரக்கம்பங்களின்மேல் நிற்கின்றன, பல மிகப் பழையவை. 2020 செப்டம்பரில் கிரிம்பர்க்வல் என்ற இடத்தில் ஒரு சுவர் இடிந்து வாய்க்காலுக்குள்ளேயே விழுந்தது. அப்படிப்பட்ட சுவரில் ஆளாளுக்கு அலையைக் கொண்டுபோய் மோத விடுவார்களா?

ஆனால் கம்பெனி பூட்டே போடாவிட்டாலும் தண்ணீர் ஒரு பூட்டு வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தப் பூட்டுதான்.

படகு ஏன் மிதக்கிறது என்பதைத் தாண்டிவிடுகிறேன், ஆர்க்கிமிடீஸைப் பள்ளியிலேயே பார்த்துவிட்டோம். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்புவதும் பெரிய விஷயமில்லை. கைப்பிடி திருப்புவது பின்னால் இருக்கும் விசிறியை. அது படகின் பின்புறத்தை ஒரு பக்கம் தள்ள, மூக்கு மறுபக்கம் போகிறது. புதிதாக ஓட்டுபவர்கள் பாலத்தூணில் பின்பக்கத்தை இடித்துக்கொள்வது இதனால்தான். சரி, அலைக்கு வருவோம்.

படகு நகரும்போது முன்னால் இருக்கும் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்கப்பட்ட தண்ணீர் மூக்கருகே மேடாக எழும்பும். மேடான தண்ணீர் சும்மா இருக்காது, விழும். விழுந்த வேகத்தில் மட்டத்துக்குக் கீழே போய் மறுபடி எழும்பும். ஆக, படகின் பக்கவாட்டில் முகடு, அகடு, முகடு என்று ஒரு அலைவரிசை உருவாகிறது. ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அந்த அலைகள் படகை விட்டுப் போவதே இல்லை. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகின்றன.

ஏன் கூடவே வருகின்றன? ஆழமான தண்ணீரில் எல்லா அலைகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நீளமான அலை வேகமாக ஓடும், குட்டை அலை மெதுவாக ஓடும். படகு கிளப்பிவிடும் அலைகளில் எல்லா நீளமும் கலந்திருக்கிறது. அவற்றில் எது படகின் வேகத்தில் ஓடுகிறதோ அதுதான் படகோடு நிலைத்து நிற்கும். கோயில் தேர்கூட நடக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேரின் வேகத்தில் நடப்பவர்கள் மட்டும்தான் கடைசிவரை தேருக்குப் பக்கத்தில் இருப்பார்கள்.

அப்படியானால் வேகத்தைச் சொன்னால் அலையின் நீளத்தைச் சொல்லிவிடலாம். அலை நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கி.மீ. என்று வேகம் கிடைக்கும். திருப்பிப் போட்டால், 6 கி.மீ. வேகத்தில் போகும் படகின் பக்கத்தில் நிற்கும் அலையின் நீளம் சுமார் 1.8 மீட்டர். வாசகி போன படகு ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூக்கிலிருந்து வால்வரை மூன்று அலைகள். வேகம் 8 கி.மீ. ஆனால் அலை 3 மீட்டருக்கு மேல் நீண்டுவிடும், படகின் நீளத்துக்கு இரண்டுகூட முழுசாக வராது. பத்தரை கி.மீ.யைத் தொடும்போது அலையின் நீளம் ஐந்தரை மீட்டர். படகின் நீளமும் அதேதான்.

இங்கேதான் பூட்டு விழுகிறது. மூக்கு ஒரு முகட்டில், வால் அடுத்த முகட்டில், நடுவே படகு ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தால் அலை படகைவிட நீண்டுவிடும். பின்முகடு வாலை விட்டு விலகிப் பின்னால் போய்விடும், வால் அகட்டுக்குள் இறங்கும், மூக்கு நிமிரும். அதாவது படகு மேடு ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த மேட்டை எழுப்பியதே படகுதான், அது படகின் வேகத்திலேயே முன்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது. எத்தனை நேரம் ஏறினாலும் உச்சி வராது. மோட்டார் செலவழிப்பதெல்லாம் அலையைப் பெரிதாக்கத்தான் போகிறது. வாசகி சொன்ன "பின்பக்கம் தாழ்ந்தது" இந்த மேடு ஏறுதலின் ஆரம்பம். பத்தரை என்பது சுவர் மாதிரி நிற்கும் எல்லை அல்ல. எட்டு, ஒன்பதிலேயே எதிர்ப்பு செங்குத்தாக ஏறத் தொடங்கிவிடும்.

இதை ஒழுங்காக அளந்து காட்டியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870களில் டார்க்கீ என்ற ஊரில் நீளமான தொட்டி கட்டி, அதில் பொம்மைக் கப்பல்களை இழுத்து இழுத்து அளந்தார். பணம் கொடுத்தது பிரிட்டிஷ் கடற்படை. இன்றும் கப்பல் வடிவமைப்பவர்கள், வேகத்தை நீளத்தோடு ஒப்பிடும் அவர் பெயரிலான எண்ணில்தான் பேசுகிறார்கள்.

சோதித்துப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் போக வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் நோணாங்குப்பம், சுண்ணாம்பாறு படகுக் குழாம். அங்கே நாமே ஓட்டும் வாகனம் பெடல் படகு. அதன் நீளம் இரண்டரை மீட்டர் என்று வைத்தால் நீரின் பூட்டு மணிக்கு 7 கி.மீ.யில் விழும். கணவனும் மனைவியும் எவ்வளவு வெறியோடு மிதித்தாலும் பக்கத்துப் படகை அதிகம் முந்த முடியாததற்கு அவர்கள் கால் வலு மட்டும் காரணமில்லை. அதே ஆற்றில் ஸ்பீடு போட் எப்படிப் பறக்கிறது? அது மேடு ஏறி முடித்துவிட்ட படகு. தட்டையான அடிப்பாகமும் வலுவான எஞ்சினும் இருப்பதால் தன் அலையின் உச்சியைத் தாண்டி, தண்ணீரைக் கிழிக்காமல் அதன் மேலேயே சறுக்கிப் போகிறது. இன்னொரு வழி நீளம். ஆலப்புழையின் பாம்புப் படகுகள் முப்பது மீட்டருக்கு மேல் போகும். 36 மீட்டர் என்றால் கணக்கு 27 கி.மீ. என்று வருகிறது. அத்தனை பேர் துடுப்பு போட்டும் அந்தப் பூட்டின் பக்கத்தில்கூடப் போகமாட்டார்கள்.

இதுவரை சொன்னது ஆழமான தண்ணீர்க் கதை. வாய்க்கால் ஆழமில்லாததாக இருந்தால் கதை மாறுகிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு வாய்க்கால் என்றால் நகரைக் கிழக்கும் மேற்குமாகப் பிரிக்கும் பெரிய வாய்க்கால்தான். 1693 முதல் 1699 வரை ஊரை டச்சுக்காரர்கள் வைத்திருந்தார்கள். இந்த நேர்கோட்டுத் தெருக்களில் அவர்கள் வரைந்த திட்டத்துக்குப் பங்குண்டு. அதற்காக நம் வாய்க்காலில் படகு விடலாமா என்று கேட்காதீர்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு சுக்கானை எந்தக் கையால் பிடிப்பது? வடக்கே மரக்காணம்வரை வந்து நின்றுவிட்ட பக்கிங்ஹாம் கால்வாயாவது உண்மையாகவே படகு ஓடிய கால்வாய். கரையிலிருந்து ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள்.

அதே மாதிரி ஸ்காட்லாந்தில் குதிரை கட்டி இழுத்தார்கள். கிளாஸ்கோ அருகே ஒரு கால்வாயில், அதன் பங்குதாரர் வில்லியம் ஹூஸ்டன் என்பவரின் படகை இழுத்துக்கொண்டிருந்த குதிரை ஒருநாள் எதையோ கண்டு மிரண்டு தலைதெறிக்க ஓடியது. படகும் பின்னாலேயே பறந்தது. கரையை அரிக்கும் பெரிய அலை எழும்பும், இழுப்பதற்குள் குதிரை செத்துவிடும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நடந்தது நேர்மாறு. பின்னால் நுரைத்துவந்த அலை அடங்கிவிட்டது. குதிரைக்கு இழுப்பது லேசாகிவிட்டது!

ஆழமில்லாத தண்ணீரில் அலையின் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தீர்மானிப்பது ஆழம் மட்டும்தான். ஆழத்தின் வர்க்கமூலத்தை 11.3ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கி.மீ. ஒரு மீட்டர் ஆழ வாய்க்காலில் எந்த நீள அலையும் 11.3ஐத் தாண்டி ஓடாது. படகு அந்த வேகத்தை நெருங்க நெருங்க, அலைகள் விலகிப்போக வழியில்லாமல் படகருகே குவிகின்றன. அப்போது இழுப்பதுதான் படுகஷ்டம். ஆனால் குதிரை அந்தக் கட்டத்தை ஒரே ஓட்டத்தில் தாண்டிவிட்டது. படகு குவியலின் மேலேயே ஏறி உட்கார்ந்து சவாரி செய்தது, பின்தொடரும் அலைக்குப் படகை எட்டிப்பிடிக்க முடியவில்லை. மிரண்ட குதிரை கற்றுக்கொடுத்த இந்த வித்தையை வைத்தே சில காலம் விரைவுப் பயணிப் படகுகளை ஓட்டினார்கள். அப்புறம் ரயில் வந்து அதை முடித்துவைத்தது.

இதை ஆராயப் போனவர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். 1834 ஆகஸ்டில் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில், இரண்டு குதிரைகள் இழுத்துவந்த படகு சட்டென்று நின்றது. படகு நின்றாலும் அதன் மூக்கில் குவிந்திருந்த தண்ணீர் நிற்கவில்லை. ஒன்பது மீட்டர் நீளமும் ஓர் அடி, ஒன்றரை அடி உயரமும் கொண்ட ஒற்றை மேடாகத் திரண்டு, உருக்குலையாமல், கால்வாயில் தனியாக உருண்டு போனது. முன்னால் அகடு இல்லை, பின்னால் இன்னொரு முகடு இல்லை. ரஸ்ஸல் குதிரையில் துரத்தினார். மணிக்குச் சுமார் 13, 14 கி.மீ. வேகம். ஒன்றிரண்டு மைல் கூடவே போய், கால்வாய் வளைவுகளில் அதைத் தவறவிட்டார். அந்த வேகத்திலிருந்து தலைகீழாகக் கணக்குப் போட்டால் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம் கிடைக்கிறது, கச்சிதமாக ஒரு ஸ்காட்லாந்துக் கால்வாயின் ஆழம்.

அன்றைய பெரிய கணித மேதைகள் இப்படி ஓர் அலை இருக்க முடியாது என்று சந்தேகப்பட்டார்கள். அதற்கான புகழ்பெற்ற சமன்பாடு 1895ல் வெளியானது. எழுதியவர்கள் கோர்டேவெக், டி ஃப்ரீஸ். எந்த ஊர்ப் பேராசிரியரும் மாணவரும் என்று நினைக்கிறீர்கள்? ஆம்ஸ்டர்டாம்! நம் வாசகி படகு ஓட்டிய அதே ஊர். பிறகு எழுபது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1965ல் ஸாபுஸ்கி, க்ருஸ்கல் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து அதற்கு சொலிட்டன் என்று பெயர் வைத்தார்கள். 1973ல் கண்ணாடி இழைக்குள் ஒளியும் இப்படிக் கலையாத மேடாக ஓடலாம் என்று கணித்தார்கள். பின்னாளில் நம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான மு. லட்சுமணன் 1977ல் காந்தப் பொருளில் குட்டிக் காந்தங்கள் போல வரிசையாக நிற்கும் அணுச்சுழல்களிலும் சொலிட்டன்கள் உண்டு என்று கணிதத்தால் காட்டினார். குதிரையில் அலையைத் துரத்திய மனிதர் இன்று நம் ஊரில் நிதி கேட்டு விண்ணப்பித்தால், "மூன்று ஆண்டுக்குள் என்ன பயன்?" என்ற கட்டத்தில் எதை நிரப்புவார்? அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டால் பாதி நோய் தீரும் என்பது என் எண்ணம்.

ஆழத்தை வைத்து அலையின் வேகம் சொல்லும் இதே வர்க்கமூலத்தைக் கடலூர் மிகக் கொடூரமாகவும் அறியும். 2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ரா அருகே நிலம் அசைந்தது. சுனாமி அலையின் நீளம் கடலின் ஆழத்தைவிடப் பல மடங்கு. அதனால் அதற்கு வங்கக்கடலே ஆழமில்லாத வாய்க்கால்தான். மூன்றரை கி.மீ. ஆழத்தில் மணிக்கு 670 கி.மீ. வேகம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், தேவனாம்பட்டினத்தில் இருந்தது.

கடைசியாக, படகு ஓட்டும் என் மாமாவின் கதை. உப்பனாறு கடலைச் சேரும் முகத்துவாரத்துக்கு உள்ளே ஓரிடத்தில் படகை முனி பிடித்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. எஞ்சின் வைத்த ஃபைபர் படகு, நன்றாக வந்துகொண்டிருக்கும். அங்கே வந்ததும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வால் அமுங்கி வேகம் விழும். ஒரு தேங்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு எஞ்சினைக் குறைத்து மெதுவாக நகர்த்துவார், விட்டுவிடும். முனியில் எனக்கு நம்பிக்கை இல்லை, மாமாவின் கண்ணில் முழு நம்பிக்கை உண்டு. அவர் பார்த்தது அத்தனையும் நிஜம். ஒருமுறை அதே இடத்தில் மூங்கில் கழியை இறக்கிப் பார்த்தேன். மணல் மேடிட்டு அறுபது சென்டிமீட்டர்தான் தண்ணீர். கணக்கு போட்டால் உச்சவரம்பு மணிக்கு 8.7 கி.மீ. ஆழம் குறையக் குறைய வரம்பும் இறங்கிவந்து, பன்னிரண்டில் வரும் படகைப் பிடித்துக்கொள்கிறது. மிரண்ட குதிரை போல ஒரே பாய்ச்சலில் தாண்ட அந்த எஞ்சினுக்கு வலு இல்லை என்றால், முனி பிடிக்காமல் என்ன செய்யும்?

எல்லாவற்றையும் விளக்கினேன். கழியை வாங்கி அவரும் ஆழம் பார்த்துவிட்டு, "சரிடா, மணல்தான். ஆனா மணலை அங்க கொண்டுவந்து போட்டது யாரு?" என்றார். தேங்காய் இன்னும் படகில்தான் இருக்கிறது.