நிலைக்கதவை மாற்றும் முன் பத்தாயத்தைப் பாருங்கள்

சித்திரையில் திருவையாறு பக்கம் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். "தம்பி, கூடத்துல தினமும் வண்டு வண்டா கிடக்குது, தேக்கு நிலையைத்தான் குடையுதுன்னு ஆசாரி சொல்றாரு, மாத்தணுமாம்" என்றார் அந்த அம்மா. மாமனார் காலத்து நிலை. குரலிலேயே கலக்கம் தெரிந்தது.

டார்ச் அடித்து நிலை முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு துளை இல்லை, கீழே மாவும் இல்லை. வைரம் பாய்ந்த தேக்கைச் சின்ன வண்டுகள் லேசில் தொடுவதில்லை. மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியிலும் மூங்கிலிலும் மாவுச்சத்து இருப்பதால் அங்கேதான் போகும். வெட்டிய மூங்கிலைக் குளத்தில் ஊறப்போடுவதும் அந்தச் சத்து கரைந்து போகத்தான்.

அப்புறம் ஒரு வண்டை வெள்ளைத் தாளில் வைத்து லென்ஸில் பார்த்தேன். 3 மில்லிமீட்டர்கூட இருக்காது, செம்பழுப்பு, உருளையான உடம்பு, மேலிருந்து பார்த்தால் முக்காட்டுக்குள் போனதுபோலத் தலையே தெரியவில்லை. நீண்ட மூக்கு இருந்தால் அரிசி வண்டு என்று சொல்லிவிடலாம். இது நெல்லைத் துளைக்கும் வண்டு. மூங்கில் வண்டும் இதே குடும்பம், பார்க்கவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், ஆசாரியைக் குறை சொல்ல முடியாது. அதனால் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். கூடத்து மூலையில் பத்தாயம், தையில் அறுத்த சம்பா நெல். கையை விட்டு அள்ளினால் உள்ளங்கை முழுக்க மாவு, பாதி நெல் வெறும் கூடு.

உங்கள் வீட்டில் மரத்தடியில் தூள் கொட்டினால் விரலில் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் மாதிரி வழவழப்பாக இருந்து, மரத்தில் குண்டூசித் தலை அளவுக்குத் துளையும் இருந்தால் மாவாக்கும் வண்டு. கசகசா போலக் குருணையாக உருண்டால் உலர்மரக் கரையான். மண் பூச்சு ஏறியிருந்தால் நிலத்துக் கரையான். பழைய துளையா என்ற சந்தேகம் வந்தால் அதன்மேல் தாள் ஒட்டிவிட்டுச் சில வாரம் பொறுங்கள், உள்ளே உயிர் இருந்தால் தாளைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

எனக்கு நெஞ்சு பதறியது வேறொன்றைப் பார்த்து. பத்தாயத்தின் மேல் மூடி திறக்காத குப்பியில் மாத்திரை, நெல்லுக்குள் போட யாரோ கொடுத்தது. அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே பாஸ்பின் வாயு கிளம்பும், ஆளைக் கொல்லும். ஆட்கள் படுக்கிற வீட்டில் அதில் ஒன்றுகூட வைக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது. அந்தக் கூடத்தில்தான் பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

நெல்லை முற்றத்து வெயிலில் காயவைத்துப் புடைக்கவும், பத்தாயத்து இடுக்கெல்லாம் சுரண்டித் துடைக்கவும் சொன்னேன். குப்பியைத் திறக்காமல் நானே வாங்கிக்கொண்டு வந்தேன்.